மாநிலங்களவையில் பேசியது என்ன, நின்றது என்ன? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் மாநிலங்களவைத் தேர்தல் நடைபெறும் முறையைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து, அந்த அவையில் உறுப்பினர்கள் ஆற்றும் உரைகளைப் பற்றி நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. கேள்விகள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றி வந்திருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அண்ணாச்சி, மக்களவை உறுப்பினரையாவது தேர்தல் நேரத்தில் தெருவில் பார்க்கிறோம். மாநிலங்களவை உறுப்பினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இறுதி முடிவு மக்களவையின் கையில் இருக்கும்போது, இவர்கள் அங்கே எழுந்து பேசுவதால் என்ன ஆகிவிடப் போகிறது?
– ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், பாளையங்கோட்டை

இறுதி முடிவு எப்போதும் மக்களவையின் கையில் இருப்பதில்லை, ஐயா. எந்த வகை மசோதா அவைக்கு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே ஓர் உறுப்பினரின் பேச்சுக்குரிய எடை அமைகிறது. இதை விளக்குவதற்குச் சரக்கு மற்றும் சேவை வரியின் வரலாற்றை விடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த வரிக்கு வழிசெய்த அரசியலமைப்புத் திருத்த மசோதாவை மக்களவை 2015 மே மாதத்திலேயே நிறைவேற்றிவிட்டது. அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் இரு அவைகளிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இரு அவைகளையும் ஒன்றாகக் கூட்டி எண்ணிக்கை காட்டும் வழி அதற்குக் கிடையாது. ஆளும் தரப்புக்கு அப்போது மாநிலங்களவையில் அந்தப் பலம் இல்லாததால் மசோதா, அதை ஆராய்ந்து அறிக்கை தரும் தெரிவுக்குழுவுக்குப் போயிற்று. ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சும் எதிர்ப்பேச்சும் நடந்தன. 2016 ஆகஸ்ட் 3 அன்று அது நிறைவேறியபோது, மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்கு விதிக்கவிருந்த ஒரு சதவீதக் கூடுதல் வரி நீக்கப்பட்டிருந்தது. மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு தருவது உறுதியாக்கப்பட்டிருந்தது. மாற்றிய வடிவத்தை மக்களவை மறுபடியும் எடுத்துக்கொண்டு ஏற்க வேண்டியதாயிற்று. அந்த ஒரு சதவீதம் உற்பத்தி மாநிலமான தமிழ்நாட்டுக்கு ஓரளவு உதவியிருக்கும் என்பதும், அன்று அ.தி.மு.க. உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள் என்பதும் வேறு செய்தி. அவை ஒரு மசோதாவின் உள்ளடக்கத்தை மாற்றிக் காட்டியது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

அடுத்த ஆண்டு, அதே வரியை நடைமுறைப்படுத்தும் சட்டங்கள் பண மசோதாக்களாக, அதாவது வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டுமே பற்றிய மசோதாக்களாக, வந்தன. பண மசோதாவை மாநிலங்களவை பதினான்கு நாள்களுக்குள் திருப்பி அனுப்பியாக வேண்டும்; அது பரிந்துரைக்கும் திருத்தங்களை மக்களவை ஏற்கலாம், தள்ளியும் விடலாம். 2017 ஏப்ரல் 6 அன்று மாநிலங்களவை அவற்றை விவாதித்துத் திருத்தமின்றித் திருப்பி அனுப்பியது. முதல் ஆண்டில் அவையின் சம்மதம் இல்லாமல் ஓர் அடி நகர்ந்திருக்க முடியாது. அடுத்த ஆண்டில் அதன் பேச்சு அறிவுரை அளவில் நின்றது. ஆகவே ஓர் உரையைப் படிக்கும்போது, அது எந்த வகை மசோதாவின் மேல் ஆற்றப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

நான் பீடி சுற்றுகிறேன். என் பிள்ளைகளுக்குப் பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. இப்போது ஒழுங்காக வருவதில்லை. மாநிலங்களவையில் இதைப் பேசினார்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பேசினால் பணம் வருமா?
– பீடித் தொழிலாளி, முக்கூடல்

அம்மா, பேசியதனாலேயே பணம் வந்துவிடாது. ஆனால் சரியான வழியில் கேட்டால், பணம் எங்கே நிற்கிறது என்பதை அரசு எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன், உங்கள் உதவித்தொகையின் கதையைச் சொல்கிறேன்.

1976 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. ஒன்று பீடியின் மேல் ஒரு தனித் தீர்வை விதித்தது. மற்றொன்று அந்தத் தீர்வையைக் கொண்டு நல நிதி ஒன்றை அமைத்தது. உங்கள் ஊரான முக்கூடலில் இருக்கும் பீடித் தொழிலாளர் மருத்துவமனை, வீடு கட்ட உதவி, பிள்ளைகளின் படிப்புக்கான தொகை ஆகியவை எல்லாம் அந்த நல அமைப்பின் கீழ் நடந்தவை. நீங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, நனைத்து வைத்த இலையைக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, மாலையில் கடையில் எண்ணிக் கொடுக்கும் ஒவ்வோர் ஆயிரம் பீடியிலும் உங்கள் நலனுக்கென்று ஒரு சிறு தொகை சட்டப்படி பிரிந்து போய்க்கொண்டிருந்தது. 2017 இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது பல தீர்வைகள் அதற்குள் கரைக்கப்பட்டன. பீடித் தீர்வையும் அவற்றுள் ஒன்று. தீர்வை போன பிறகு, நலத்திட்டங்கள் ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கும் தொகையை நம்பி நடக்கின்றன. தனக்கென்று ஒரு வருவாய் இருந்த நிலை போய், ஒவ்வோர் ஆண்டும் கேட்டுப் பெறும் நிலை வந்திருக்கிறது. இந்த மாற்றம் நம் பகுதியில் இன்னும் போதிய அளவு பேசப்படவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. மேலப்பாளையம், வீரவநல்லூர், ஆலங்குளம், கடையநல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுத் திண்ணையில் பீடித் தட்டு இல்லாத தெருக்கள் குறைவு.

இனி அவையில் என்ன செய்ய முடியும் என்பதற்கு வருகிறேன். அவசரப் பொருள்களை எழுப்புவதற்கான பூஜ்ய நேரத்தில் ஓர் உறுப்பினர் மூன்று நிமிடம் பேசலாம். நேரம் முடிந்தால் ஒலிவாங்கி நின்றுவிடும்; அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொலைக்காட்சியில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான். சிறப்புக் குறிப்பு என்பது 250 சொற்களுக்கு மிகாமல் எழுதி வைத்து வாசிப்பது. அதற்கு அமைச்சகம் பின்னர் எழுத்தில் பதில் அனுப்பும். மூன்றாவது வழியே வலுவானது: கேள்வி. மாநிலங்களவையில் ஒரு நாளுக்கு நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 15, குறியில்லாதவை 160. குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். குறியில்லாத கேள்விக்குப் பதில் எழுத்தில் வரும்.

தொழிலாளர் துறை அமைச்சரிடம் பீடித் தொழிலாளர் நலனுக்கு அரசு என்ன செய்கிறது என்று பொதுவாகக் கேட்டால், இருக்கும் திட்டங்களின் பெயர்கள் அட்டவணையாக வரும். அதனால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் இந்தக் கல்வியாண்டில் எத்தனை மாணவர்கள் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குத் தொகை போய்ச் சேர்ந்தது, சேராததற்குக் காரணம் என்ன, தீர்வை நீக்கப்பட்ட பிறகு ஆண்டுவாரியாக ஒதுக்கீடு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டால், பதில் எண்களாகத்தான் வர முடியும். எண்கள் வந்துவிட்டால் அடுத்த கேள்வி தானே பிறக்கும். உங்கள் ஊர்ச் சங்கத்தார் இந்த விவரங்களோடு உறுப்பினருக்கு எழுதட்டும்.

பீடிக்கான வரி விகிதம் வேறு இடத்தில் முடிவாகிறது. 2017 இல் 28 சதவீதமாக வைக்கப்பட்ட அதனை 18 சதவீதமாகவும், பீடி இலைக்கான வரியை 18 இலிருந்து 5 சதவீதமாகவும் குறைக்க 2025 செப்டம்பரில் முடிவு எடுத்தது, ஒன்றிய, மாநில நிதியமைச்சர்கள் அமர்ந்திருக்கும் ஜி.எஸ்.டி. மன்றம். அதில் மாநிலங்களவை வாக்களிப்பதில்லை.

அண்ணாச்சி, நம் மாவட்டத்துக்காரர்கள் யாரேனும் மாநிலங்களவையில் பேர் சொல்லும்படி இருந்திருக்கிறார்களா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அண்ணாவின் உரையைப் பற்றியும் சொன்னால் உதவியாக இருக்கும்.
– கல்லூரி மாணவி, பேட்டை

உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அவர்கள் 1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். மாநிலங்களவை 1952 இல் முதன்முதலாகக் கூடியபோது அதிலும் இடம்பெற்று 1958 வரை பணியாற்றினார். பின்னர் கேரளத்தின் மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குப் போனார். தம் ஊரையும் மொழியையும் தாண்டிய ஒரு தொகுதி அவரை மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தது என்பது எளிய செய்தி அன்று.

அடுத்தவர் வைகோ. இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் கலிங்கப்பட்டி, அவர் அவைக்குப் போன காலத்தில் பிரிக்கப்படாத திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1978 முதல் 1996 வரை தொடர்ந்து மூன்று முறையும், 2019 முதல் 2025 ஜூலை வரை மற்றொரு முறையும் உறுப்பினராக இருந்தார். ஈழத் தமிழர் சிக்கல் கொழுந்துவிட்டு எரிந்த ஆண்டுகளில் அதை டெல்லியின் காதில் விழ வைத்த குரல்களுள் அவருடையது முக்கியமானது என்பதை அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

அண்ணா 1962 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் தோற்றபின் மாநிலங்களவைக்குச் சென்றார். குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது ஆற்றிய முதல் உரையிலேயே தாம் திராவிட இனத்தைச் சேர்ந்தவர் என்று அறிவித்து, தம் கட்சியின் பிரிவினைக் கோரிக்கையை நேருக்கு நேர் எடுத்து வைத்தார். அவையில் பெரும்பான்மையினர் அந்தக் கோரிக்கையை வெறுத்தவர்கள். கேட்கப் பிடிக்காத ஒன்றைக் கேட்பவர்கள் எழுந்து போகாதபடி சொல்லிய முறைக்காகவே அந்த உரையை முழுவதும் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எதிர்ப்பவரை அவர் எங்கும் இழித்துப் பேசவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் சீனப் படையெடுப்பு வந்தது. அடுத்த ஆண்டு, நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக வேட்பாளர்கள் உறுதியெடுக்கச் செய்யும் பதினாறாவது திருத்தம் வந்தது. அதை எதிர்த்தும் அண்ணா அதே அவையில் பேசினார், திருத்தம் சட்டமாயிற்று, கட்சி தன் கோரிக்கையைக் கைவிட்டது.

தேர்வுக்கு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடக் கோரும் தனிநபர் மசோதாவை (அமைச்சரல்லாத உறுப்பினர் தாமாகக் கொண்டுவருவது) 1960களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் வங்காளத்தைச் சேர்ந்த பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர் பூபேஷ் குப்தா. அண்ணா சிலப்பதிகாரம் முதலிய பழந்தமிழ் நூல்களைச் சான்றுகாட்டி அதை ஆதரித்தார். பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டவர்களிடம், நாடாளுமன்ற அவைகளுக்கும் குடியரசுத் தலைவர் பதவிக்கும் இந்திப் பெயர்கள் சூட்டியதால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று திருப்பிக் கேட்டார். மசோதா தோற்றது. 1967 ஜூலை 18 அன்று, அண்ணா முதலமைச்சராக இருந்தபோது சட்டமன்றம் பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றியது. 1969 ஜனவரி 14 முதல் பெயர் நடைமுறைக்கு வந்தது. வாக்கெடுப்பில் தோற்ற உரையின் வாதங்களே சில ஆண்டுகளில் அரசின் நிலைப்பாடாக மாறின.

ஓர் உறுப்பினர் எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்று பத்திரிகைகளில் பட்டியல் போடுகிறார்கள். அதைக் கொண்டு அவரை மதிப்பிடலாமா?
– வாசகர், மேலப்பாளையம்

வருகைப் பதிவு தேவையானது. வராதவர் பேச முடியாது. ஆனால் எண்ணிக்கையோடு மதிப்பீட்டை நிறுத்திவிடுவது உறுப்பினருக்கும் நீதியன்று, நமக்கும் நன்மையன்று. விவாதத்தில் ஒவ்வொரு கட்சிக்கும் அதன் பலத்துக்கு ஏற்பவே நேரம் பிரித்துத் தரப்படுகிறது. அவையில் தனி ஒருவராக இருக்கும் கட்சியின் உறுப்பினருக்கு ஒரு பெரிய மசோதாவின் மேல் சில நிமிடங்களே கிடைக்கும். அந்தச் சில நிமிடங்களில் அவர் ஒரு பிரிவின் குறையைச் சரியாகச் சுட்டியிருந்தால், அரை மணி நேரம் பேசியவரைவிட அதிகம் செய்தவராவார்.

நான் பார்ப்பது இதைத்தான்: அவருடைய பேச்சுக்குப் பின் அமைச்சர் என்ன சொல்லியிருக்கிறார்? அவைக் குறிப்பைத் திறந்தால், கேள்வியின் எண், அதைக் கேட்டவர் பெயர், துறை, அதன் கீழ் (அ), (ஆ), (இ) என்று பிரித்த கேள்விகள், பிறகு பதில் என்று வரிசையாக இருக்கும். பல பதில்கள், விவர அறிக்கை அவையின் மேசைமேல் வைக்கப்படுகிறது என்ற ஒற்றை வரியில் முடிந்து, அடுத்த பக்கத்தில் அந்த அறிக்கை தொடங்கும். அதற்குப் பிறகு வரும் துணைக் கேள்விகளில்தான் உறுப்பினரின் உழைப்பு தெரியும். அறிக்கையைப் படித்து அதில் விடுபட்டதைக் கேட்கிறாரா, முன்பே எழுதிவைத்ததை வாசித்துவிட்டு அமர்கிறாரா என்பது இரண்டு பக்கம் படித்தாலே விளங்கிவிடும்.

பரிசீலனையில் உள்ளது, தகவல் திரட்டப்படுகிறது, திரட்டியதும் அவையின் முன் வைக்கப்படும் என்று அமைச்சர் சொல்வது வெறும் சம்பிரதாயமன்று. அது உறுதிமொழியாகக் கொள்ளப்படும். அரசு உறுதிமொழிகளைக் கண்காணிப்பதற்கென்றே மாநிலங்களவையில் 1972 முதல் ஒரு குழு இருக்கிறது; உறுதிமொழியை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை. நடைமுறையில் ஆண்டுக்கணக்கில் இழுபடுபவை உண்டு. நம் ஊர்ப் பொதுநலச் சங்கங்கள் ஓர் உறுப்பினர் பேசிய காணொலியைப் பரப்புவதில் காட்டும் அக்கறையில் பாதியை, அமைச்சர் தந்த உறுதிமொழி என்ன ஆயிற்று என்று கேட்பதில் காட்டினால் எத்தனையோ காரியங்கள் முடிந்திருக்கும்.

கட்சி கொறடா சொன்னபடிதானே எல்லாரும் பேசுகிறார்கள்?
– வாசகர், களக்காடு

கொறடாவின் கட்டளை வாக்கெடுப்பைக் கட்டுப்படுத்தும். அரசியலமைப்பில் 1985 இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, அதை மீறி வாக்களிப்பவர் பதவி இழக்க நேரிடும். அவையில் பேசியதற்காக ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாதென 105 ஆவது உறுப்பு பாதுகாப்பு தருகிறது. ஆனால் கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் யார் பேசுவது என்ற பட்டியலைக் கட்சியே கொடுப்பதால், மாறுபட்டுப் பேசுபவருக்கு அடுத்த முறை இடம் கிடைப்பது அரிது.

கூடங்குளம் எங்கள் பக்கத்தில் இருக்கிறது. விபத்து நேர்ந்தால் இழப்பீடு பற்றிய சட்டம் 2010 இல் வந்தபோது மாநிலங்களவை என்ன செய்தது?
– வாசகர், வள்ளியூர்

அவையில் நடந்த விவாதத்தைவிட, அதற்கு முன் குழுவில் நடந்த வேலையே உங்கள் கேள்விக்கு நல்ல விடையாகும். அமைச்சகங்களின் மசோதாக்களையும் செலவையும் ஆராயும் துறைசார் நிலைக்குழுக்கள் 24 உண்டு. ஒவ்வொன்றிலும் மக்களவையினர் 21 பேர், மாநிலங்களவையினர் 10 பேர். அவற்றுள் எட்டுக் குழுக்கள் மாநிலங்களவைத் தலைவரின் பொறுப்பில் இயங்குபவை. அணு விபத்து இழப்பீட்டு மசோதா அவ்வாறான ஒரு குழுவுக்கே போயிற்று. அறிவியல், தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், வனம் ஆகியவற்றுக்கான குழு அது. அரசு கொண்டுவந்த வடிவில் அணு உலையை இயக்கும் நிறுவனத்தின் பொறுப்பு 500 கோடி ரூபாயோடு நின்றது. சட்டமானபோது அது 1,500 கோடியாக இருந்தது. உடல் பாதிப்புக்கு இழப்பீடு கேட்கும் காலவரம்பு பத்து ஆண்டுகளிலிருந்து இருபதாக நீண்டது. போபால் நச்சுவாயு வழக்கின் தீர்ப்பு வந்து நாடே கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மக்களவை ஆகஸ்ட் 25 அன்றும், மாநிலங்களவை ஆகஸ்ட் 30 அன்றும் அதை நிறைவேற்றின.

குழுக் கூட்டங்கள் தொலைக்காட்சியில் வருவதில்லை, கைதட்டல் கிடையாது. இராதாபுரம் வட்டத்துக் கடற்கரைக் குடும்பங்களைப் பொறுத்தவரை, அந்தப் பத்து ஆண்டுக் கூடுதல் அவகாசம் எந்த மேடைப்பேச்சையும்விடப் பெரியதாக இருந்தது. கதிர்வீச்சால் வரும் நோய் உடனே தெரிவதன்று. ஓர் உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறார், குழு அறிக்கையோடு மாறுபட்ட கருத்து எதையேனும் எழுதி இணைத்திருக்கிறாரா என்று பார்க்கும் பழக்கம் வாசகர்களிடம் வளர வேண்டும் என்று விரும்புகிறேன்.

தனிநபர் மசோதா கொண்டுவருவது வீண்வேலை என்கிறார்களே?
– வழக்கறிஞர், சங்கரன்கோவில்

விடுதலைக்குப் பின் சட்டமாக முடிந்த தனிநபர் மசோதாக்கள் பதினான்கு மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970 இல். எண்ணிக்கையைப் பார்த்தால் வீண்வேலை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு நிகழ்ச்சிகளை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952 முதல் 1962 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினர். விலங்குகள் வதையைத் தடுக்க ஒரு மசோதாவை அவர் கொண்டுவந்தார். அரசே அதைக் கவனிக்கும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த உறுதி 1960 ஆம் ஆண்டுச் சட்டமாக வந்தது. அதன்படி அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

மற்றொன்று, திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா. திரும்பப் பெறுமாறு அமைச்சர் கேட்டுக்கொண்டபோதும் அவர் இணங்கவில்லை. வாக்கெடுப்பு வேண்டும் என்று நின்றார். 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளுக்குப் பின் மாநிலங்களவையில் நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா அது. மக்களவையில் அது நிறைவேறவில்லை. அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்து 2019 இல் சட்டமாக்கியது. அரசின் சட்டம் சிவாவின் மசோதா கேட்ட அளவுக்குப் போகவில்லை என்று திருநர் அமைப்புகள் குறைகூறின; அந்தக் குறை எனக்கும் நியாயமாகவே படுகிறது. எனினும், இனி இதைத் தள்ளிப்போட முடியாது என்ற நிலையை உருவாக்கியது அந்த வெள்ளிக்கிழமைப் பிற்பகல்.

ஒருவர் இணங்கித் திரும்பப் பெற்றார். மற்றவர் மறுத்து நின்றார். எது சரியான வழி என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உறுதி தருபவரின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்புண்டு என்று எடைபோடுவதில்தான் உறுப்பினரின் அனுபவம் வெளிப்படுகிறது.

அங்கே தமிழில் பேசலாமா?
– விவசாயி, அம்பாசமுத்திரம்

தாராளமாகப் பேசலாம். முன்கூட்டித் தெரிவித்தால் உடனுக்குடன் மொழிபெயர்ப்பார்கள். 2018 முதல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கும் இந்த வசதி உண்டு. அவைக் குறிப்பில் தமிழ் உரையின் ஆங்கில மொழிபெயர்ப்பு, அது மொழிபெயர்ப்பு என்ற குறிப்போடு இடம்பெறும். தாமிரபரணியைப் பற்றியோ கார் சாகுபடியைப் பற்றியோ பேசுபவர் தமிழில் பேசினால், ஊரில் கேட்பவர்கள் அவர் சொன்னது சரியா தவறா என்று தாங்களே சோதித்துக்கொள்ளலாம். அமைச்சர் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்கிறாரா என்பது வேறு கவலை.

எங்கள் தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்தவர். அங்கேயும் செனட் சபை இருந்தது, தமிழர்கள் அதில் நன்றாகப் பேசுவார்கள் என்று சொல்வார். உண்மையா?
– வணிகர், ஏரல்

உண்மைதான். 1947 முதல் இலங்கையில் முப்பது பேர் கொண்ட செனட் சபை இருந்தது. பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க, பாதிப் பேரை மகாதேசாதிபதி (கவர்னர் ஜெனரல்) நியமித்தார். வழக்கறிஞர் எஸ். நடேசன் மனித உரிமைகளுக்காக அங்கே வாதாடியவர். மு. திருச்செல்வம் செனட்டராக இருந்தபடியே 1965 இல் உள்ளூராட்சி அமைச்சரானார். திருகோணமலையில் திருக்கோணேச்சரக் கோயில் பகுதியைப் புனித நகராக்குவது பற்றிய குழு விவகாரத்தில் 1968 இல் பதவி விலகினார். 1971 அக்டோபரில் செனட் சபை ஒழிக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டுச் சட்ட மேலவையும் 1986 நவம்பர் முதல் நாளோடு முடிவுக்கு வந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

அமெரிக்காவில் ஒரு செனட்டர் ஒரு நாளுக்கு மேல் விடாமல் பேசினாராம். என் மகள் அங்கிருந்து சொன்னாள். நம் அவையில் அப்படிப் பேச முடியாதா?
– வாசகி, திசையன்விளை

முடியாது. கோரி புக்கர் என்ற செனட்டர் 2025 மார்ச் 31 அன்று தொடங்கி 25 மணி 5 நிமிடம் நின்றபடி பேசினார். அதற்கு முன் 1957 இல் கறுப்பின மக்களின் உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் பேசிய 24 மணி 18 நிமிடமே மிக நீண்டதாக இருந்தது. அந்த அவையில் பேச எழுந்தவரை நிறுத்துவது கடினம். நம் அவையில் ஒவ்வொரு பொருளுக்கும் நேரம் வகுக்கப்பட்டிருக்கிறது, மணி அடித்துவிடுவார்கள். நம் முறையே எனக்குப் பிடிக்கிறது, ஆனால் வகுத்த நேரம் கூச்சலில் கரைந்துபோகாமல் இருக்க வேண்டும்.

மாநிலங்களவை உறுப்பினருக்குத் தொகுதி கிடையாதே. நாங்கள் யாருக்கு எழுதுவது, எப்படி எழுதுவது?
– வாசகர் வட்டம், சேரன்மகாதேவி

தமிழ்நாட்டின் 18 உறுப்பினர்களுள் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மாநிலம் முழுவதும் அவர்களுக்குத் தொகுதி போன்றது. ஆண்டுக்கு ஐந்து கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியையும் மாநிலத்தின் எந்த மாவட்டத்திலும் அவர்கள் பரிந்துரைக்க முடியும். பேருந்து நிழற்குடையோ பள்ளிக் கட்டடமோ வேண்டுமானால் அதற்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்; அவையில் எழுப்ப வேண்டிய பொருளை அதோடு கலக்க வேண்டாம்.

எழுதும்போது, உங்கள் பொருள் எந்த ஒன்றிய அமைச்சகத்தைச் சேர்ந்தது என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாநில அரசின் பொறுப்பில் உள்ளதை அங்கே கேட்டால் கேள்வியே ஏற்கப்படாது. கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வேண்டும். கூட்டத்தொடர் தொடங்கிய பின் வரும் கடிதம் பெரும்பாலும் பயன்படாமல் போகும். ஆகவே தேதி அறிவிப்பு வந்தவுடனேயே, ஒரு பக்கத்துக்கு மிகாமல், ஆவணங்களின் நகலோடு அனுப்பிவிடுங்கள். அந்தத் துறையின் நிலைக்குழுவில் இருக்கும் உறுப்பினர் யாரென்று பார்த்து, அவருக்கு ஒரு படி சேர்த்து அனுப்புவது நல்லது.